சோதனைக்குழாய்க் குறிப்புகள் – 14: பாதிக் கிணறு தாண்டிய ஆக்ஸிஜன்

டிஸ்கி: இது வேதியியல் பதிவு. பன்னிரண்டாம் வகுப்போட கெமிஸ்ட்ரிக்குத் தலைமுழுகினவங்களும் தைரியமா படிக்கலாம், சமன்பாடு ஒண்ணுகூடக் கிடையாது. சுத்தமான மொக்கைதான் வேணும்ங்கிறவங்க போன தடவை எழுதின உருளைக்கிழங்கு பதிவுக்கு ஓடிடுங்க :-)

மூணு வாரமா இந்தப் பக்கம் தூசி படிஞ்சு கிடந்துச்சு. "ஆள் உயிரோட இருக்கியா?"ன்னு ரெண்டு பேர் பின்னூட்டத்துல விசாரிச்சிருந்தீங்க. இருக்கேன். ஆணி அதிகம், அவ்வளவுதான். அதுலயும் ஒரு ஆணியைத் தங்க ஆணின்னு நினைச்சு ஏழு மாசமா பத்திரமா வச்சிருந்தேன். போன மாசம்தான் அது என்னோட ஆணியே இல்லைன்னு தெரிஞ்சது. அந்தக் கதையைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

அதுக்கு முன்னாடி, நான் இந்த ஜெர்மனியில குளிர்ல நடுங்கிக்கிட்டு மூணு வருஷமா என்னதான் பண்றேன்னு சொல்லியாகணும். அம்மா போன்ல கேட்கும்போதெல்லாம் "ஆக்ஸிஜன் சம்பந்தமா ஆராய்ச்சிம்மா"ன்னு சொல்லுவேன். 2021-ல கொரோனா சமயத்துல இதைக் கேட்ட எங்க தெருக்காரங்க, நான் சிலிண்டர் கம்பெனியில வேலை பார்க்கிறதா முடிவு பண்ணிட்டாங்க. "தம்பிகிட்ட சொல்லி ஒண்ணு ஏற்பாடு பண்ண முடியுமா"ன்னு ஒருத்தர் கேட்டாராம். அந்த நேரத்துல அது சிரிக்கிற விஷயமா இல்லை. ஆனா என் ஆராய்ச்சி அது இல்லை.

மெதுவா நடக்கிற ஒரு வினை

ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் சேர்த்துப் பத்த வச்சா வெடிக்கும், தண்ணீர் வரும். அதையே பத்த வைக்காம, ரெண்டையும் தனித்தனி மின்முனையில வச்சு, நடுவுல ஒரு சவ்வைப் போட்டுப் பிரிச்சா, எலக்ட்ரான் எல்லாம் வெளியே கம்பி வழியா சுத்திக்கிட்டுப் போகும். அதான் மின்சாரம். இதுக்குப் பேர் ஃப்யூயல் செல், தமிழ்ல எரிபொருள் மின்கலம். 1839-லயே வில்லியம் க்ரோவ் இதோட முதல் வடிவத்தைச் செஞ்சு காட்டிட்டார். அப்பல்லோ விண்கலத்துல மின்சாரம் கொடுத்ததும் இதே சங்கதிதான். இங்க ஜெர்மனியில லோயர் சாக்சனி மாநிலத்துல 2018 செப்டம்பர்ல ஹைட்ரஜன் ரயில் பயணிகளை ஏத்திக்கிட்டு ஓட ஆரம்பிச்சது, உலகத்துலேயே முதல் தடவையா. வண்டியிலிருந்து வெளியே வர்றது வெறும் நீராவி.

கேட்க நல்லாத்தான் இருக்கு. சிக்கல் ஆக்ஸிஜன் பக்கம். ஹைட்ரஜன் பக்கத்து வினை சல்லுனு நடந்துடும். ஆக்ஸிஜன் அப்படி இல்லை, கல்யாண வீட்டு மாமா மாதிரி, ஆயிரம் தடவை கூப்பிட்டாத்தான் எழுந்திருக்கும். ரெண்டு ஆக்ஸிஜன் அணுவும் இரட்டைப் பிணைப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு இருக்கு. அதை உடைச்சு, நாலு எலக்ட்ரானும் நாலு புரோட்டானும் கொடுத்து, ரெண்டு தண்ணீர் மூலக்கூறு ஆக்கணும். காகிதத்துல கணக்குப் போட்டா 1.23 வோல்ட் கிடைக்கணும். நடைமுறையில நல்ல வினையூக்கி இருந்தாலும் இந்த ஆக்ஸிஜன் பக்கத்துல மட்டுமே 0.3 வோல்ட்டுக்கு மேல காணாமப் போயிடும்.

அந்த நல்ல வினையூக்கிதான் பிளாட்டினம். உலகத்துல வெட்டி எடுக்கிறதுல பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவுல இருந்து வருது. விலையை நான் சொல்லணுமா? நகைக்கடை வாசல்ல நின்னு பாருங்க. அதனால "பிளாட்டினத்தை விட்டுட்டு இரும்பு, கோபால்ட் மாதிரி சாதாரண உலோகத்தை வச்சு இந்த வேலையைச் செய்ய முடியுமா?"ங்கிறதுதான் கேள்வி. என்னை மாதிரி உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் இதை வச்சுத்தான் சோறு திங்கிறோம்.

முடியுமா முடியாதாங்கிற சந்தேகமே தேவையில்லைங்க. இதைப் படிச்சுக்கிட்டு இருக்கிற இந்த நிமிஷம் உங்க உடம்புக்குள்ளேயே அது நடக்குது. நீங்க இழுக்கிற மூச்சுல உடம்பு பயன்படுத்துற ஆக்ஸிஜன்ல பெரும்பகுதி, செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியாவுல சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ்ங்கிற நொதியில போய்த்தான் தண்ணீரா மாறுது. அங்க பிளாட்டினம் கிடையாது. ஒரு இரும்பு, பக்கத்துல ஒரு செம்பு. அவ்வளவுதான். சயனைடு ஆளைக் கொல்றது ஏன்னா, இந்த இடத்துல போய் உட்கார்ந்துக்கிட்டு ஆக்ஸிஜனுக்கு வழி விடாது.

கேரம் போர்டும் சிவப்புக் காயும்

அந்த இரும்பு சும்மா தனியா இல்லை. ஒரு தட்டையான பெரிய வளைய மூலக்கூறுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கு. கேரம் போர்டை நினைச்சுக்கங்க. நாலு மூலைக் குழியிலயும் ஒவ்வொரு நைட்ரஜன். அதையெல்லாம் மையத்துக்குக் கொஞ்சம் கிட்ட இழுத்து வச்சா, நடுவுல இருக்கிற சிவப்புக் காய்தான் உலோகம். இந்த மாதிரி உலோகத்தைச் சுத்தி ஈனிகள் பிடிச்சுக்கிட்டு இருக்கிற சேர்மத்துக்குத்தான் அணைவுச் சேர்மம்னு பேர். ப்ளஸ் டூவுல ரெண்டு மார்க்குக்குப் படிச்சிருப்பீங்க. நடுவுல இரும்பு இருந்தா ரத்தத்தோட சிவப்பு. இதே குடும்பத்துல மக்னீசியம் இருந்தா இலையோட பச்சை. கோபால்ட் இருந்தா வைட்டமின் பி12. இயற்கைக்கு இந்த போர்டு ரொம்பப் பிடிச்சுப் போச்சு போல.

மனுஷன் செஞ்ச போர்டுக்குப் பேர் தாலோசயனின். இது கிடைச்ச கதை சுவாரசியமானது, பின்னாடி தேவைப்படும், ஞாபகம் வச்சுக்கங்க. 1928-ல ஸ்காட்லாந்துல கிரேஞ்ச்மவுத்ங்கிற ஊர்ச் சாயத் தொழிற்சாலையில வெள்ளையா ஒரு பொருள் தயாரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதுல நீலமும் பச்சையுமா ஏதோ கலந்து வந்துச்சு. என்னடான்னு பார்த்தா, கண்ணாடிப் பூச்சு போட்ட இரும்புப் பாத்திரத்துல ஒரு விரிசல். உள்ளே இருந்த இரும்பு கலந்து, இரும்புத் தாலோசயனின் தானா உருவாகியிருந்தது. 1930-களில் லின்ஸ்டெட் அதோட அமைப்பைக் கண்டுபிடிச்சுப் பேரும் வச்சார். இரும்புக்குப் பதிலா செம்பு வச்சா வர்ற நீலம்தான் இன்னிக்கும் பெயிண்ட், அச்சு மை எல்லாத்துலயும் இருக்கு. ஒரு பாத்திரத்து ஓட்டையில இருந்து ஒரு தொழிலே பிறந்தது.

இந்தச் சாயத்தை மின்முனையில பூசிப் பார்க்கலாம்னு 1964-ல ஜாசின்ஸ்கிக்குத் தோணுச்சு. கோபால்ட் தாலோசயனின் காரக் கரைசல்ல ஆக்ஸிஜனை ஒடுக்குதுன்னு நேச்சர் இதழ்ல எழுதினார். எங்க துறைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அப்புறம்தான் தலைவலி ஆரம்பம். ஆக்ஸிஜனுக்கு ரெண்டு வழி இருக்கு. நாலு எலக்ட்ரானும் வாங்கிக்கிட்டா தண்ணீர். ரெண்டே ரெண்டு வாங்கிக்கிட்டு "போதும்பா"ன்னு இறங்கிட்டா ஹைட்ரஜன் பெராக்சைடு, காயம் கழுவுற அதே சமாச்சாரம். கோபால்ட் சேர்மங்கள் பெரும்பாலும் இந்த ரெண்டாவது வழியிலதான் போகும். பாதிக் கிணறு தாண்டின கதை. மின்சாரமும் குறைவு, அந்தப் பெராக்சைடு சும்மா இருக்காம சவ்வையும் வினையூக்கியையும் அரிச்சுத் தின்னுடும். வளர்த்த கடா மார்புல பாயுற மாதிரி. இரும்புச் சேர்மங்கள் நாலு எலக்ட்ரான் பக்கம் கொஞ்சம் நல்லாப் போகும். ஆனா அமிலத்துல ரொம்ப நாள் தாங்காது.

இதுக்கு 1979-80 வாக்குல ஸ்டான்ஃபோர்டுல கோல்மனும் கால்டெக்ல ஆன்சனும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஒரு போர்டு இருந்தாத்தானே ஒரு கையால பிடிக்கும்? ரெண்டு கோபால்ட் போர்டை எதிரும் புதிருமா, மூஞ்சிக்கு மூஞ்சி வச்சுக் கட்டினாங்க. ஆக்ஸிஜன் நடுவுல மாட்டினா ரெண்டு பக்கமும் பிடி. நாலு எலக்ட்ரானும் வாங்காம விடாது. கட்டுற பாலம் நாலு அணு நீளம் இருந்தா தண்ணீர் வந்தது. பாலம் நீண்டுபோனா மறுபடி பெராக்சைடு. ஒரு அணு, ரெண்டு அணு வித்தியாசத்துல கதையே மாறிப்போச்சு. எம்.எஸ்ஸி படிக்கும்போது இதை வாசிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரலை. நான் இந்தத் துறைக்கு வந்ததே அந்த ஒரு கட்டுரையாலதான். (அந்தச் சேர்மத்தைச் செய்யறது பெரும்பாடு, மின்முனையில சீக்கிரம் செத்தும் போயிடும்ங்கிறதெல்லாம் சேர்ந்த பிறகுதான் தெரிஞ்சது. கல்யாணத்துக்கு முன்னாடி எந்தப் புரோக்கர் உண்மையைச் சொல்லியிருக்கான்?)

இன்னொரு கோஷ்டி, "எதுக்குடா இவ்வளவு அழகு? எல்லாத்தையும் கார்பனோட சேர்த்து வறுத்துடுவோம்"னு கிளம்பிச்சு. ஜெர்மனியில ஜான்கே குழு 1976-ல எழுதினதுல இருந்து இது பிரபலம். காத்து இல்லாத உலையில 600-ல இருந்து 1000 டிகிரி வரைக்கும் சூடு பண்ணினா மூலக்கூறு சிதைஞ்சுடும், ஆனா வினையூக்கி முன்னைவிட நல்லா வேலை செய்யும், ரொம்ப நாளும் உழைக்கும். 1989-ல கிளீவ்லாண்டுல யேகர் குழு இன்னும் ஒரு படி மேல போய், அந்த விலையுயர்ந்த போர்டே வேண்டாம், இரும்பு உப்பு அல்லது கோபால்ட் உப்பு, கார்பன், கூட ஸ்வெட்டர் நூல்ல இருக்கிற பாலிஅக்ரிலோநைட்ரைல், இது போதும்னு காட்டிச்சு. 2009-ல கனடாவுல டோடலே குழு, 2011-ல லாஸ் அலமோஸ்ல செலனாய் குழு, ரெண்டு பேரும் இந்த வழியில பிளாட்டினத்தை நெருங்கிட்டாங்க. வறுத்த கரிக்குள்ள வேலை செய்யறது எது? அதுக்குப் பல வருஷம் சண்டை நடந்துச்சு. கடைசியில ஒத்துக்கிட்டது பெரும்பாலும் பழைய கதைதான்: இரும்பைச் சுத்தி நாலு நைட்ரஜன். போர்டு எரிஞ்சாலும் நடுக் காயும் நாலு குழியும் தப்பிச்சுடுது, இல்லைன்னா மறுபடி உருவாகிடுது.

நான் வறுக்காத கோஷ்டி. மூலக்கூறு முழுசா இருந்தாத்தான் எங்க என்ன மாத்தினா என்ன ஆகும்னு சொல்ல முடியும். அதனால கோபால்ட் போர்ஃபைரின் ஒண்ணு எடுத்து, அதுல சில கைகளை ஒட்டி, கார்பன் மேல பூசினேன். ரொம்ப இறுக்கிப் பிடிச்சா ஆக்ஸிஜன் நகராது, லேசாப் பிடிச்சா நழுவிடும். ஒட்டியும் ஒட்டாம இருக்கணும். அந்தக் கைகள் பக்கத்துல நின்னு புரோட்டானை எடுத்துக் கொடுத்தா, கோபால்ட் ஒத்தையாவே முழுக் கிணறும் தாண்டிடும்ங்கிறது என் ஆசை.

தங்க ஆணி

இதைச் சோதிக்கிற கருவி ஒரு ராட்டினம். அஞ்சு மில்லிமீட்டர் விட்டத்துல ஒரு கண்ணாடிக்கார்பன் வட்டு, அதைச் சுத்தி மெல்லிசா ஒரு பிளாட்டினம் வளையம். வட்டு மேல வினையூக்கியைப் பூசி, ஆக்ஸிஜன் நிரம்பின அமிலத்துல முக்கி, நிமிஷத்துக்கு 1600 சுத்து சுத்த விடணும். வட்டுல பெராக்சைடு உண்டானா, சுத்துற வேகத்துல வெளியே வீசப்பட்டு வளையத்துல மாட்டும். எங்க வளையத்துக்கு நூத்துல 37 பங்குதான் வந்து சேரும், அது வடிவக் கணக்கு. அதை வச்சு மொத்தம் எவ்வளவு பெராக்சைடுன்னு சொல்லிடலாம். களவாணியைப் பிடிக்க வாசல்ல ஆள் நிறுத்துற மாதிரி.

முதல் நாள் என் சேர்மம் வழக்கமான கோபால்ட் புத்தியைத்தான் காட்டிச்சு. நூத்துக்கு 65-க்கு மேல பெராக்சைடு. சரி, தாங்குதான்னாவது பார்ப்போம்னு மின்னழுத்தத்தை மேலும் கீழும் ஆயிரக்கணக்கான தடவை ஏத்தி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மறுநாள் வந்து பார்த்தா... அவ்வ்வ்! வளையத்துல மின்னோட்டமே காணோம். பெராக்சைடு அஞ்சு சதவீதத்துக்கும் கீழ. வினை ஆரம்பிக்கிற இடமும் 0.2 வோல்ட்டுக்கு மேல முன்னேறியிருந்தது. சேர்மம் ஓட ஓடத் தேறுது! மூணு தடவை புதுசாப் பூசித் திருப்பிச் செஞ்சேன். மூணு தடவையும் அதேதான்.

எங்க பேராசிரியரை இந்தப் பதிவுகள்ல வாத்தியார்னு சொல்லுவேன், தெரியும். சிரிக்காத மனுஷன். அந்த வரைபடத்தைப் பார்த்துட்டுத் தன் கையால எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். மின்புலத்துல மூலக்கூறுகள் தாமா ஜோடி சேர்ந்து, கோல்மனோட எதிரெதிர் போர்டு மாதிரி அமைஞ்சுக்குதுன்னு ஒரு விளக்கமும் கட்டினோம். கட்டுரை எழுதினேன். ஒரு மாநாட்டுல பேச வாய்ப்பு கிடைச்சது. அதைவிட முக்கியம், ஆய்வுத் திட்டத்தை நீட்டிக்கக் கேட்டு அனுப்பப் போற விண்ணப்பத்துல அந்தப் படம்தான் முதல் பக்கத்துல. நீட்டிப்பு வந்தா எனக்கு ஒரு வருஷம் கூடுதல் உதவித்தொகை. என் பக்கத்து மேஜை துருக்கிப் பையனுக்கு மூணு வருஷ வேலை. அவனுக்குப் போன தை மாசம்தான் குழந்தை பிறந்தது.

எங்க ஆய்வகத்துல ஒரு டெக்னீஷியன் அம்மா இருக்காங்க. ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி. நான் மனசுக்குள்ள பாட்டின்னு கூப்பிடுவேன். டாக்டர் பட்டம் கிடையாது, ஆனா கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தே யார் கழுவினதுன்னு சொல்லிடுவாங்க. ஒரு சாயங்காலம் என் கணினியை எட்டிப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க:

"எல்லாப் பொருளும் உழைக்க உழைக்கத் தேயும். உன்னோடது மட்டும் ஏன் வளருது?"

நான் ஜோடி சேர்ற விளக்கத்தைச் சொன்னேன். முழுசாக் கேட்டாங்க. அப்புறம், "எதிர்மின்முனையா எதைப் போட்டிருக்கே?"ன்னு கேட்டாங்க. எதிர்மின்முனைன்னா கவுண்டர் எலக்ட்ரோடு, சுத்தை முடிச்சுவைக்கிற இன்னொரு கம்பி. "எல்லாரும் போடறதுதான், பிளாட்டினம் கம்பி"ன்னேன். ஒண்ணும் சொல்லலை. "குட்டன் ஆபெண்ட்"னு சொல்லிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டாங்க.

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது.

விஷயம் இதுதான். வட்டுல ஒடுக்கம் நடக்கும்போது அந்தக் கம்பியில நேரெதிரா ஆக்ஸிஜனேற்றம் நடக்கும். பிளாட்டினம் கரையாதுன்னு நாம நினைக்கிறோம், ஆனா அமிலத்துல அந்த மாதிரி ஆயிரக்கணக்கான சுத்து ஏத்தி இறக்கினா துளித்துளியாக் கரையும். கொஞ்சம் குளோரைடு இருந்தா இன்னும் நல்லாக் கரையும். நான் வச்சிருந்த ஒப்பீட்டு மின்முனை வெள்ளி–வெள்ளிக் குளோரைடு, உள்ளே பொட்டாசியம் குளோரைடு, அது லேசாக் கசியும். கரைஞ்ச பிளாட்டினம் எங்க போகும்? நேரா என் வட்டுக்கு வந்து படியும். பிளாட்டினம் நாலு எலக்ட்ரான் வினையைச் செய்யும். பெராக்சைடு குறையும். சுத்து ஏற ஏறப் பிளாட்டினமும் ஏறும். ஓட ஓடத் தேறும்!

இது ஒண்ணும் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லைங்க. இப்படி ஏமாறாதீங்கன்னு எச்சரிக்கைக் கட்டுரைகளே வந்திருக்கு. நானும் படிச்சிருக்கேன். படிச்சதை என் குடுவையில பார்க்கலை, அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி பத்து மணி. ஆய்வகத்துல நான் மட்டும். தேறின வட்டு ஒண்ணை எடுத்து, கரைசல்ல சில துளி மெத்தனால் விட்டேன். கோபால்ட் போர்ஃபைரின் மெத்தனாலைக் கண்டுக்காது. பிளாட்டினம் விடாது, எரிக்கும். திரையில கோடு நேரா போயிருக்கணும். போகலை. மெத்தனால் எரியற மேடு அழகா எழும்பி வந்துச்சு. அவ்வளவு அழகான மேட்டை அதுக்கு முன்னாடி நான் வரைஞ்சதே இல்லை.

மறுநாள் காலையில முறையா செஞ்சேன். பிளாட்டினம் கம்பிக்குப் பதிலா கிராஃபைட் கம்பி. குளோரைடு ஒப்பீட்டு மின்முனைக்குப் பதிலா பாதரச சல்ஃபேட். புதுசாப் பூச்சு, அதே ஆயிரக்கணக்கான சுத்து. பெராக்சைடு 65-க்கு மேலயே நின்னுச்சு. மின்னோட்டம் மெல்ல மெல்லத் தேய்ஞ்சது, பாட்டி சொன்ன மாதிரியே. வளையமும் பிளாட்டினம்தானே, அது கரைஞ்சிருந்தா இப்பவும் தேறியிருக்கணும். தேறலை. ஆக, களவாணி வாசக்காரன் இல்லை, எதிர்வீட்டுக்காரன். பழைய பூச்சை ராஜதிராவகத்துல கரைச்சுப் பகுப்பாய்வுக்கும் அனுப்பினேன். பிளாட்டினம் இருக்குன்னு நாலாம் நாள் தாள் வந்தது.

ஒரு வார்த்தை

இப்ப சொல்லப் போறதை இங்க எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

அந்த நாலு நாளும் நான் யார்கிட்டயும் சொல்லலை. விண்ணப்பம் போக இன்னும் ஒன்பது நாள். பாட்டி என்கிட்ட மட்டும்தான் கேட்டாங்க, மறுபடி கேட்கவும் இல்லை. கட்டுரையோட செய்முறைப் பகுதியைத் திறந்தேன். அதுல ஒரு வரி: எதிர்மின்முனையாகப் பிளாட்டினம் கம்பி பயன்படுத்தப்பட்டது. இதுல "பிளாட்டினம்" எடுத்துட்டு "கிராஃபைட்"னு போட்டா, படிக்கிறவன் யாருக்கும் சந்தேகமே வராது. ஒரே ஒரு வார்த்தை.

தட்டச்சும் செஞ்சேன். பொய் சொல்ல விரும்பலை. அந்த வார்த்தை திரையில எப்படி இருக்கும்னு ரெண்டு நிமிஷம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அழிச்சேன். நான் பெரிய யோக்கியன்னு சொல்ல வரலை. எனக்கு அப்ப ஞாபகம் வந்தது தர்மம் நியாயமெல்லாம் இல்லை. காரைக்குடி. கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கங்க.

எங்க ஊர் காரைக்குடி பக்கம். அங்க மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கு, ஊர்க்காரங்க சிக்ரின்னு சொல்லுவாங்க. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்தது, 1953 ஜனவரியில திறந்தாங்க. எம்.எஸ்ஸி புராஜெக்டுக்கு அங்க ஆறு மாசம் போய்க்கிட்டு இருந்தேன். வட்டை அலுமினாப் பொடியில எட்டு வடிவத்துல தேய்ச்சு மெருகேத்தக் கத்துக்கிட்டது அங்கதான். அங்க எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன், முதல்ல வெறும் வட்டை ஓட்டிக் கோடு வரைஞ்சு காட்டச் சொல்லுவார். "எதுவும் பூசாதப்ப என்ன வருதுன்னு தெரியாம, பூசினதுக்கப்புறம் வர்றது உன்னோடதுன்னு எப்படித் தம்பி சொல்லுவே?"ம்பார். அந்தக் கேள்வியை நான் ஏழு மாசமா என்கிட்டக் கேட்கவே இல்லை. வெறும் வட்டை அதே மாதிரி ஆயிரக்கணக்கான சுத்து ஓட்டிப் பார்த்திருந்தா முதல் வாரமே தெரிஞ்சிருக்கும். போர்ஃபைரினே இல்லாம வெறும் வட்டும் "தேறி"யிருக்கும்!

அஞ்சாம் நாள் காலையில துருக்கிப் பையன்கிட்டதான் முதல்ல சொன்னேன். வாத்தியாரை விட அவன்கிட்டச் சொல்றதுதான் கஷ்டமா இருந்துச்சு. கொஞ்ச நேரம் ஜன்னல் வழியா வெளியே பார்த்தான். "நல்ல வேளை, அனுப்பறதுக்கு முன்னாடி"ன்னான். அதுக்கப்புறம் அன்னிக்கு முழுக்கப் பேசலை. அவன்மேல எனக்கு வருத்தமே இல்லை.

வாத்தியார் ரெண்டு வரைபடத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த விளக்கத்தைக் கட்டினதுல பாதி நான்தான்"னார். திட்டலை. திட்டியிருந்தா கொஞ்சம் நல்லா இருந்திருக்கும். மாநாட்டுக்கு எழுதி உரையைத் திரும்ப வாங்கிக்கிட்டோம். விண்ணப்பத்துல முதல் பக்கத்துப் படம் போச்சு, அந்த இடத்துல ஒரு சின்ன அட்டவணை உட்கார்ந்தது. ராத்திரி பகலா மூணு பேரும் திருத்தி எழுதிக் கெடுவுக்கு முந்தின நாள் அனுப்பினோம். முடிவு இன்னும் வரலை.

பாதிக் கிணறும் கிணறுதானா?

மீதி என்ன இருக்கு? கோபால்ட் போர்ஃபைரின், பிடிவாதமாப் பெராக்சைடு செய்யுது, அமிலத்துல ஓரளவு தாங்குது.

இங்கதான் ஒரு விஷயம். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாத பொருள் இல்லை. காகிதக் கூழை வெளுக்க, தண்ணீர்ல கிருமியைக் கொல்ல, எல்லாத்துக்கும் அதுதான். இப்ப உலகத்துல பெரும்பகுதி ஆந்த்ராகுவினோன் முறையில பெரிய பெரிய ஆலைகள்ல செஞ்சு, அடர்த்தியாக்கி, லாரியில அனுப்பறாங்க. அதுக்குப் பதிலா, தேவைப்படுற இடத்துலயே காத்துல இருக்கிற ஆக்ஸிஜனையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் வச்சு நீர்த்த பெராக்சைடு செய்ய முடிஞ்சா? ஒரு கிராமத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துல, சூரிய மின்தகடு வச்சு? அதுக்கு வேண்டிய வினையூக்கி, ரெண்டு எலக்ட்ரானோட நிக்கிற வினையூக்கி. எங்க துறையில பல குழுக்கள் இப்ப இதுலதான் இறங்கியிருக்கு, கோபால்ட் சேர்மங்களும் அதுல முக்கியமான ஆள்.

தோத்ததை ஜெயிச்சதாக் காட்டறேன்னு நினைச்சுடாதீங்க. 65 சதவீதம் அதுக்குப் போதாது, 90-க்கு மேல வேணும். பிளாட்டினத்துக்கு மாத்துங்கிற என் பழைய கனவு இந்தச் சேர்மத்தோட முடிஞ்சது. கட்டுரை வந்தாலும் சின்னதாத்தான் வரும். ஆனா கிரேஞ்ச்மவுத் பாத்திரத்தை நினைச்சுப் பார்க்கிறேன். அங்கேயும் கலப்படம்தான், இங்கேயும் கலப்படம்தான். அங்கே வெள்ளைப் பொருள் நீலமானப்ப "இந்த நீலம் எங்கிருந்து வந்தது?"ன்னு கேட்டாங்க. நான் வந்த நல்லதை யார் வீட்டுதுன்னு கேட்காம ஏழு மாசம் கொஞ்சிக்கிட்டு இருந்தேன்.

போன ஞாயித்துக்கிழமை அம்மாகிட்டப் பேசினேன். "எப்பப்பா முடிப்பே?"ன்னு வழக்கமான கேள்வி. "கொஞ்சம் தள்ளிப் போகும்மா. ஒரு கணக்கு தப்பாப் போட்டுட்டேன், நானே கண்டுபிடிச்சுட்டேன்"னேன். பாட்டியோட பங்கை முழுங்கிட்டேன், அதையும் இங்க ஒத்துக்கிறேன். அம்மா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "தப்புன்னு தெரிஞ்சதும் வாத்தியார்கிட்டச் சொல்லிட்டியா?"ன்னாங்க. "சொல்லிட்டேன்." "அப்பச் சரி, சாப்டியா?"ன்னாங்க.

பாட்டிக்கு ஒரு டப்பா அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஊர்ல இருந்து வந்த நண்பன் கொண்டுவந்தது. ஒண்ணைக் கடிச்சுட்டு, "இது உழைக்க உழைக்கத் தேயும்"னாங்க. மூணு வருஷத்துல அவங்க சொன்ன முதல் ஜோக் :-)

சோதனைக்குழாய் பிடிக்கிற சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க குடுவைக்குள்ள வினையூக்கியைத் தவிர வேற என்னென்ன இருக்குன்னு ஒரு தடவை பட்டியல் போடுங்க. பொட்டி தட்டுற மக்களுக்கும் இதுல ஏதாவது இருக்கும்னு நினைக்கிறேன். உங்க நிரல் திடீர்னு வேகமா ஓடினா, பாராட்டிக்கிறதுக்கு முன்னாடி எதிர்வீட்டை ஒரு தடவை எட்டிப் பாருங்க.

பி.கு. 1: மேல சொன்ன ஏழு மாசத்துல "எனக்கு ஒரு சூப்பர் முடிவு கிடைச்சிருக்கு, விவரம் பிறகு"ன்னு பத்தாவது குறிப்புல பீத்தியிருந்தேன். அதை அழிக்கலை. கீழே இந்தப் பதிவைச் சுட்டி ஒரு வரி சேர்த்திருக்கேன். அதுக்கு வாழ்த்துச் சொன்ன 23 பேருக்கும் நன்றி, வாழ்த்தைத் திருப்பித் தரணும்னா சொல்லுங்க.

பி.கு. 2: அடுத்த குறிப்பு கிராஃபைட் கம்பி வாங்கப் போன கதை. அதுல வேதியியல் இல்லை, ஜெர்மன் அலுவலகப் படிவங்கள் மட்டும்தான். மொக்கை ரசிகர்கள் தயாரா இருங்க.